சிந்திய தண்ணீர்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுத வருகிறவர்கள் மதிலில் தொடங்கினாலும் தண்ணீரில் வந்து நின்றுவிடுவார்கள். நிற்கத்தான் தோன்றும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டருக்கு ஓடுகிறது மதில். அதற்குள்ளே, சித்திரை வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாத மொட்டைப் பாறைகளுக்கு நடுவே, ஒரு நகரமே குடித்துக் குளித்து வாழ்ந்திருக்கிறது. சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் மேலே நல்ல தண்ணீர் ஊற்று, அடிவாரத்தில் சக்கரக்குளமும் செட்டிக்குளமும், கல்யாண மகாலை ஒட்டி ஆனைக்குளம். அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தேக்கத்திலிருந்து சுட்ட மண்குழாய்களில் தண்ணீர் மகாலுக்கு வந்திருக்கிறது, மேல்தளங்கள் வரை ஏறியும் இருக்கிறது. கோன்கள், நாயக்கர்கள், பீஜப்பூர்ப் படை, 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே இருந்த கோட்டை இது. 1690இல் முற்றுகை போட்ட முகலாயத் தளபதி சுல்பிகர் கான் உள்ளே நுழைய எட்டு வருஷம் ஆனதற்கு மதில் ஒரு காரணம் என்றால் குளங்கள் இன்னொரு காரணம். மராட்டிய ராணுவ நிலவமைப்புகள் என்ற வரிசையில் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 12 கோட்டைகள் சேர்ந்தபோது தமிழ்நாட்டிலிருந்து போனது இது ஒன்றுதான்.

இத்தனை தண்ணீரில் பறவைக்கு எவ்வளவு கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், இன்று வீட்டுத் தோட்டத்திலும் மொட்டைமாடியிலும் பறவைக்கு என்ன மாதிரித் தொட்டி வைப்பது என்ற சின்னக் கேள்விக்கு ஒரு வரலாற்று விடை கிடைக்கிறது. கோடை வந்ததும் மண்சட்டியில் தண்ணீர் வைக்கச் சொல்லும் சுவரொட்டிகளும் பேச்சுகளும் அதை நம் முன்னோர் வழக்கம் என்கின்றன. நல்ல காரியம்தான், செய்யட்டும். ஆனால் முன்னோர் வழக்கம் என்பது சரியில்லை. பறவைக்கு இரை வைத்த சமூகம் இது. காக்கைக்கு ஒரு பிடி சோறு, சிட்டுக்குருவிக்கு இறவாணத்தில் தொங்கும் நெற்கதிர் என்று அதற்கு முறையே உண்டு. தண்ணீர் அப்படி முறைப்படி வைக்கப்படவில்லை, சிந்தப்பட்டது. கிணற்றடியிலும் வாய்க்காலிலும் துறையிலும் மனிதர்கள் தங்கள் வேலையைப் பார்த்தபோது ஒழுகித் தெறித்துப் பரவிய தண்ணீரைத்தான் பறவைகள் குடித்தன, அதில்தான் குளித்தன. அந்தச் சிந்தல் நின்றுபோன பிறகு அதன் இடத்தை நிரப்ப வந்தது சட்டி. ஆகவே நல்ல தொட்டி எது என்று முடிவு செய்ய அங்காடிக்குப் போவதைவிட, சிந்திய தண்ணீர் எப்படி இருந்தது என்று பார்ப்பதே சரியான வழி.

முதலில் குளங்களை எடுத்துக்கொள்ளலாம். கோட்டைக் குளம் படைவீரனுக்காக வெட்டப்பட்டது. முற்றுகைக் காலத்தில் தண்ணீர் வற்றாமல் இருக்க வேண்டும், வெயில் உறிஞ்சும் பரப்பு குறைவாக இருக்க வேண்டும். அதனால் ஆழம் அதிகம், கரை செங்குத்து, கல்கட்டு. கோட்டைக் கணக்கில் நல்ல குளத்துக்கு வேண்டிய இந்த லட்சணங்கள் எல்லாமே சின்னப் பறவைக்கு ஆகாதவை. மைனாவும் தவிட்டுக்குருவியும் நீந்தாது. கால் தரையில் பட வேண்டும், தண்ணீர் வயிற்றைத் தொடும் அளவுக்கு மேல் போகக் கூடாது. குளிக்க வரும் குருவியைக் கவனித்தால் தெரியும். விளிம்பில் நின்று முதலில் அலகை நனைக்கும், இரண்டு எட்டு வைக்கும், மார்பை அமுக்கி எழும், பிறகுதான் இறக்கையை அடித்துத் தண்ணீரை முதுகில் வாரிப் போட்டுக்கொள்ளும். நடந்து இறங்க ஒரு சரிவு இல்லாவிட்டால் இதில் எதுவுமே நடக்காது. குடிப்பதிலும் ஆளுக்கொரு வழி. பெரும்பாலான பறவைகள் ஒரு வாய் அள்ளித் தலையை நிமிர்த்தி விழுங்கும். புறாவோ அலகை முக்கிக் குனிந்தபடியே உறிஞ்சும். தேன்சிட்டு பல சமயம் ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளியலை முடித்துவிடும். ஆழக் குளத்தால் பயன் பெறுவது வேறொரு கூட்டம். உழவாரனும் தகைவிலானும் பறந்தபடியே நீர்ப்பரப்பைக் கீறிக் குடிக்கும், அதற்கு நீளமான திறந்த வெளி வேண்டும். பஞ்சுருட்டானும் கரிச்சானும் மேலிருந்து விழுந்து முங்கி எழும். மீன்கொத்தியைச் சொல்லவே வேண்டாம். அவற்றுக்குச் செட்டிக்குளம் போதும், தோட்டத்தில் வைக்கும் எந்தத் தொட்டியும் அவற்றை இழுக்காது.

குளத்தில் படி உண்டே என்று கேட்கலாம். உண்டு. தண்ணீர் இறங்க இறங்க ஒவ்வொரு படியும் சில நாள் மட்டும் இரண்டு விரல் தண்ணீரில் முழுகிக் கிடக்கும். அந்தச் சில நாட்கள் அந்தப் படி பறவைக்குத் துறை, மட்டம் இன்னும் ஒரு சாண் இறங்கினால் போயிற்று. கட்டியவர் மனத்தில் இல்லாத உபயோகம் அது. இதை வலியுறுத்தக் காரணம், செஞ்சியில் பறவைக்குக் கிடைத்தவை எல்லாமே இப்படி யாரும் நினைக்காமல் கிடைத்தவைதான். கோட்டையில் ராஜா குளித்த கல் என்று சொல்லும் பெரிய பலகைக்கல் ஒன்று உண்டு, வழவழப்பாகத் தேய்த்தது. ராஜாவுக்கு அந்த வழவழப்பு சுகம். பறவைக்கோ ஈரமான வழவழப்பு நகம் பிடிக்காத சறுக்குமரம்.

மனிதர் கை படாத பாறைதான் பறவைக்கு உண்மையான துறையைச் செய்து வைத்திருக்கிறது. செஞ்சிக் குன்றுகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கல் வகைப் பாறை. அதன் தட்டையான முதுகில் எங்காவது ஒரு சிறு தாழ்வில் மழைத் தண்ணீர் தேங்கும். தேங்கிய இடத்தில் பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் மணிகள் காலப்போக்கில் களிமண்ணாக நெகிழ்ந்துவிடும். அவை விட்ட பிடியில் குவார்ட்ஸ் மணிகள் ஒவ்வொன்றாகப் பெயரும். கோடையில் பள்ளம் காய்ந்ததும் அந்தப் பொடியைக் காற்று வாரிக்கொண்டு போகும். அடுத்த மழையில் வேலை மறுபடி தொடங்கும். விளிம்பு நனைந்தும் காய்ந்தும் அரிபட்டுக்கொண்டே இருப்பதால் இத்தகைய பள்ளங்கள் ஆழமாவதைவிட அகலமாவது அதிகம். சுனை என்று இதைச் சொல்லக் கூடாது. சுனை ஊறும், இது மழை கொடுத்ததை வைத்துக்கொள்வதோடு சரி. ஆனால் வடிவத்தைப் பாருங்கள். ஓரத்தில் நகக்கண் ஆழம், நடுவில் நாலு விரல், இடையில் தாம்பாளம்போல் மெல்லிய சரிவு, அடியில் பெயர்ந்த மணிகளின் சொரசொரப்பு, சுற்றிலும் பூனையோ கீரியோ பதுங்கி வர முடியாத வெட்டவெளி. பறவைத் தொட்டி எப்படி இருக்க வேண்டும் என்று இன்றைய பறவை ஆர்வலர்கள் எழுதிவைக்கும் அத்தனை அளவும் இந்தப் பள்ளத்தில் இருக்கிறது. தொட்டியின் அசல் இதுதான், மற்றதெல்லாம் நகல்.

அசலுக்கும் ஒரு பெரிய குறை உண்டு. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் பாறைப் பள்ளம் தை, மாசிக்குள் வறண்டுவிடும். பறவைக்குத் தண்ணீர் மிக அவசியமாவது அதற்குப் பிறகுதான். பறவைக்கு வியர்ப்பதில்லை. அலகைத் திறந்து இரைத்து, தொண்டை ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. உடம்பு சிறுத்திருந்தால் ஈரம் இழக்கும் வேகமும் அதிகம். பங்குனி முதல் ஆனி வரை பல பறவைகளுக்குக் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலமும்கூட. கூட்டை விட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஏரிக்குப் போய்வருவது கொக்குக்குப் பெரிதில்லை, கொண்டைக்குருவிக்குப் பெரிது. அப்படியானால் பாறை காய்ந்து மழை வராத அந்த நாலைந்து மாதங்களைச் செஞ்சிச் சீமையின் சின்னப் பறவைகள் எப்படித் தாண்டின என்ற கேள்வி வருகிறது. கோட்டைக்கு வெளியே, மல்லாட்டைக் கொல்லைகளுக்கும் கேழ்வரகுக் கழனிகளுக்கும் நடுவே கிடந்த இறவைக் கிணறுகளில் அதற்கு விடை இருக்கிறது.

கவலை இறைத்த கிணற்றடியை மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் மாடு பூட்டினால் வெயில் ஏறும்வரை இறைப்பு. மாடுகள் சரிவில் இறங்க இறங்க, தோல்வாய் வைத்த சால் கிணற்றுக்குள்ளிருந்து ஆடி ஆடி மேலே வரும். வரும் வழியெல்லாம் ஒழுகும். மேலே வந்ததும் தோல்வாய் நீண்டு தொட்டிக்குள் சரிய, தண்ணீர் மொத்தமாகக் கொட்டும். கொட்டுவதில் ஒரு பங்கு கல்லில் அடித்துத் தெறிக்கும். தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குப் போகும் வாயில், மண் அரிக்காமல் இருக்கப் பதித்த பலகைக்கல்லின் மேல் அரை விரல் கனத்துக்குத் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும். அடுத்த சால் மேலே வரும்வரை அது வடிந்து மெலியும், பிறகு மறுபடி தடிக்கும். மடை திறந்து மாற்றும் இடத்தில் சேறு, பாத்தி விளிம்பில் கசிவு. மாடு பின்னால் ஏறுவதும் முன்னால் இறங்குவதுமாக ஒரே தாளத்தில் நடப்பதால் மைனாவும் கரிச்சானும் அதற்குப் பழகிவிடும். ஓடும் நீர் ஆதலால் பாசி கிடையாது, கொசு கிடையாது. ஆழம் கிடையாது. தெறிக்கும் சத்தம் பறவைக்கு அழைப்பு. கோடையில் கிணற்றுப் பாசனம் நடக்கும் வரை, பாறைப் பள்ளம் வறண்ட அதே மாதங்களில், கிராமத்துக்குப் பத்து இடத்தில் இந்தத் துறை தினமும் திறந்திருந்தது. இறைத்தவர் பறவையை நினைத்து இறைக்கவில்லை. ஒழுகாத சாலைத் தைக்கத் தெரிந்திருந்தால் அப்படித்தான் தைத்திருப்பார்.

வயல் கிணற்றோடு இது முடியவில்லை. ஊர்க்கிணற்றைச் சுற்றிக் குடம் வைத்து வைத்துக் குழிந்த கல் மேடை, துணி துவைத்த தண்ணீர் தேங்கும் துறை, மாட்டுக்குக் கழனித்தண்ணீர் ஊற்றிய கல்தொட்டியின் விளிம்பு, பாத்திரம் கழுவிய தண்ணீர் போய் நின்ற புழக்கடை வாழையடி எல்லாமே இதில் சேரும். வாழையடியில்தான் தவிட்டுக்குருவிக் கூட்டம் நாள் முழுக்கக் குப்பை கிளறும். பின்னாளில் தெருவுக்கு வந்த கைப்பம்பும் இந்த மரபைக் கொஞ்ச காலம் தொடர்ந்தது. பம்படியின் சிமென்ட் மேடையில் எப்போதும் ஒரு தகடு தண்ணீர் நிற்கும், சிட்டுக்குருவிக்கு அது போதும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்புதான். மண்சட்டி கல்வெட்டில் ஏறாது, ஏறவில்லை என்பதற்காக வழக்கமே இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? அதுவும் செஞ்சி வட்டாரத்தில்? திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கி, 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவைக் கல்லில் பொறித்த ஊர்ப்பக்கம் இது. தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் மேல்சித்தாமூரில் இருக்கிறது. குடிக்கும் தண்ணீரைக்கூட அதிலுள்ள உயிருக்கு ஊறு நேராமல் வடிகட்டிக் குடிக்கச் சொன்ன நெறி, பறவையின் தாகத்தை மறந்திருக்குமா? மறக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இரக்கம் இருந்ததா என்பது இங்கே கேள்வி இல்லை. அந்த இரக்கம் தண்ணீர்ச் சட்டியாக உருவெடுக்க வேண்டிய தேவை இருந்ததா என்பதுதான் கேள்வி. நம் மரபு அறங்களைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. காஞ்சி காமாட்சி செய்ததாகச் சொல்லும் 32 அறங்களின் பட்டியலில் தண்ணீர்ப் பந்தல் தனி, தடம் என்ற குளம் தனி, சோலை தனி, மாடு உடம்பைச் சொறிந்துகொள்ள நடும் ஆவுறிஞ்சுதறி தனி, பசுவுக்கு வாயுறை தனி, விலங்குக்கு உணவு தனி. காதோலையும் கண்ணாடியும்கூட உண்டு. மாட்டின் அரிப்பு வரைக்கும் யோசித்த பட்டியலில் பறவைக்குத் தண்ணீர் என்ற உருப்படி இல்லை. சோழர் கால ஊர்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் எழுதிவைத்தபோது இறைப்பவர், ஊற்றுபவர், கலம் கொடுக்கும் குயவர் என்று பிரித்துப் பங்கு ஒதுக்கின. இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு எழுதியவர்கள் பறவையை விட்டார்கள் என்றால், கல்நெஞ்சம் காரணமாக இருக்க முடியாது. தடமும் சோலையும் இருந்து, கிணற்றடியும் ஒழுகிக்கொண்டிருந்த ஊரில் பறவைக்குத் தனியாகத் தண்ணீர் வைப்பது ஆற்றங்கரையில் தண்ணீர்ப் பந்தல் போடுவதைப் போன்றது. தேவை இல்லாத இடத்தில் அறம் தோன்றாது.

தேவை எப்போது வந்தது என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம். இந்தியா விடுதலை பெற்றபின் கிராமங்களுக்கு மின்கம்பி வந்தது. கவலை மாட்டின் இடத்தில் பம்புசெட் உட்கார்ந்தது. முதல் தலைமுறைப் பம்புசெட்டால் பறவைக்கு நட்டமில்லை, லாபம்கூட. குழாய் கொட்டும் தொட்டி பெரிது, வாய்க்கால் நீளம். ஆனால் மாடு ஒரு நாளில் இறைத்ததை மோட்டார் ஒரு மணி நேரத்தில் இறைத்தது. கிணற்று மட்டம் இறங்கியது, திறந்த கிணறு வறண்டு ஆழ்துளைக் கிணறு வந்தது. ஆழத்திலிருந்து காசு கொட்டி எடுக்கும் தண்ணீரை யாரும் மண் வாய்க்காலில் விடுவதில்லை. பிவிசி குழாய், அதன்பின் சொட்டுநீர்ப் பாசனம் என்று தண்ணீர் முழுக்க மூடிக்கொண்டது. ஊருக்குள்ளும் இதே கதை. மேல்நிலைத் தொட்டி, வீட்டுக் குழாய், மூடிய சாக்கடை, சிமென்ட் முற்றம், மாடில்லாத வீடு. இதையெல்லாம் குறையாகச் சொல்ல முடியாது. ஒழுகாத குழாய் நல்ல குழாய்தான், குடத்தைத் தூக்கி நடந்த பெண்களிடம் கேட்டால் தெரியும். சிக்கனமும் சுகாதாரமும் சேர்ந்து ஊரின் சிந்தலைத் துடைத்துவிட்டன என்பதே செய்தி. பறவைக்கு என்று ஒரு பங்கு இருந்ததே தெரியாமல் அந்தப் பங்கு நின்றுபோயிற்று.

அந்த இடத்துக்கு இரண்டு பொருள்கள் வந்தன. ஒன்று, அங்காடியில் தூண் வைத்து விற்கும் பறவைத் தொட்டி. ஐரோப்பியத் தோட்டத்தின் நடுப் புல்வெளியில் பார்வைக்கு நிற்க வேண்டிய அலங்காரப் பொருளாக வளர்ந்த வடிவம் அது. பார்க்கிறவர் கண்மட்டத்தை நினைத்து உயரம், கழுவ வசதியாகப் பளிங்கோ மெருகிட்ட பீங்கானோ, கிண்ணம்போல் சட்டென்று இறங்கும் ஆழம். குளிர்நாட்டில் வெயில் படும் இடம் நல்ல இடம். செஞ்சி வெயிலில் அதே இடத்தில் வைத்தால் மத்தியானத்துக்குள் வெந்நீர்த் தொட்டி ஆகிவிடும். உலோகமாக இருந்தால் இன்னும் மோசம். மற்றொன்று நம் மண்சட்டி. இது எவ்வளவோ மேல். மெருகில்லாத சுட்ட மண் சுவாசிக்கும், வெளிச்சுவரில் கசிந்த ஈரம் ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிரவைக்கும், நகத்துக்குப் பிடி கிடைக்கும். ஆனால் நாம் பெரும்பாலும் வாங்கி வைப்பது குழம்புச்சட்டி வடிவம். குழம்புக்கு ஆழம் வேண்டும், பறவைக்கு வேண்டாம். விளிம்பில் உட்கார்ந்து எட்டிக் குடிக்கக் காக்கைக்கும் புறாவுக்கும் முடியும். சிட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், தண்ணீர் பாதி இறங்கிய சட்டியில் தவறி விழுந்தால் ஏறிவரவும் திணறும். குயவரிடமே பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகலத் தட்டு இருக்கிறது. விலையும் குறைவு, வேலைக்கும் அதுவே பொருத்தம். ஆழம் கூடினால் நடுவில் ஒரு கருங்கல் துண்டைச் சாய்த்து வைத்துவிட்டால் சரிவும் பிடியும் ஒன்றாகக் கிடைத்துவிடும்.

கொசு என்ற மறுப்பை மட்டும் லேசாகத் தள்ள முடியாது, செஞ்சியில் இருந்துகொண்டு தள்ளவே முடியாது. இந்தக் கோட்டையின் காய்ச்சலுக்கு ஒரு காலத்தில் பெரிய பெயர் இருந்தது. 1750 முதல் பத்தாண்டு இதை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள், ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் இங்கே நிறுத்தியதில்லை. ஆனாலும் அந்தக் காலத்துக்குள் 1,200 பேரைப் பறிகொடுத்தார்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்தார். கெட்ட காற்று, கெட்ட தண்ணீர் என்றுதான் அன்று காரணம் சொன்னார்கள். மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் கண்டது 1897இல், செகந்திராபாத்தில். அவர்கள் எல்லாரும் மலேரியாவால்தான் செத்தார்கள் என்று இன்று தீர்ப்பெழுத வேண்டியதில்லை. அசையாத தண்ணீரை அகழியிலும் குளத்திலும் கிணற்றிலும் பாறை இடுக்கிலும் சுற்றிலும் வைத்துக்கொண்டு வாழ்ந்த இடம் அது என்பது மட்டும் நிச்சயம். இதே காரணத்தைச் சொல்லித்தான் டெங்கு காலத்தில் ஊராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து சட்டியைக் கவிழ்க்கச் சொல்கிறார்கள். சொல்வது சரி. ஆனால் பறவைக்கு ஏற்ற தண்ணீரும் கொசுவுக்கு ஏற்ற தண்ணீரும் ஒன்றல்ல. கொசு முட்டையிலிருந்து இறக்கை முளைத்து எழ ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஆகும். அதற்குத் தண்ணீர் அத்தனை நாள் அங்கேயே இருக்க வேண்டும். இரண்டு விரல் ஆழத் தட்டில் ஊற்றிய தண்ணீர் செஞ்சிக் கோடையில் ஒரு வாரத்துக்கு நிற்பதே அரிது. ஆபத்து ஆழச் சட்டியில், அதுவும் ஆர்வத்தில் நிரப்பி வைத்து மறந்த சட்டியில். டெங்குக் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அது மாதக் கணக்கில் சாகாமல் காத்திருக்கும். ஆகவே பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் போதாது, ஓரத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சோப்பு வேண்டாம், அது இறகின் எண்ணெய்ப் பூச்சைக் கெடுக்கும்.

குரங்கும் பூனையும் வரும் என்பதும் வெறும் பேச்சில்லை. கோட்டையில் குரங்குக் கூட்டத்தைப் பார்க்காமல் யாரும் இறங்கி வந்ததில்லை. எளிதில் சாயும் எதையும் அவை விட்டுவைக்காது, தூண் வைத்த தொட்டி முதலில் சாயும். பூனை வேறு ரகம், பதுங்கி வரும். நனைந்த பறவை பாய்ந்தெழ முடியாமல் கனத்துப் போயிருக்கும் நொடிக்குத்தான் அது காத்திருக்கும். கோடைத் தண்ணீரோரத்தில் கௌதாரிக்குக் கண்ணி வைத்த வேட்டைக்காரரும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். தண்ணீர் தாகத்தைத் தீர்க்கும் இடம் மட்டுமில்லை, எதிரி காத்திருக்கும் இடமும்கூட என்பது பறவைக்குத் தெரியும். அதனால்தான் புது இடத்தில் வைத்த தொட்டியை அது வாரக் கணக்கில் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கும். புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி, மேலே தாவி உட்கார ஒரு கிளை இருக்கும்படி, முற்பகல் வெயிலுக்குப் பின் நிழல் விழும் இடத்தில், தரையிலோ தரையை ஒட்டியோ கனமான ஒன்றை வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் பறவையின் பொறுமை வீணாகும்.

கனமானது, ஆழமில்லாதது, சொரசொரப்பானது, கவிழாதது, வெயிலுக்கு வெடிக்காதது. இந்த லட்சணங்களோடு ஒரு பொருள் செஞ்சிப் பக்கத்துப் புழக்கடை பலவற்றில் யாரும் சீந்தாமல் கிடக்கிறது. மிக்சி வந்தபின் வெளியே போட்ட அம்மி. ஆட்டுக்கல்லையும் சிலர் தண்ணீர் நிரப்பி வைக்கிறார்கள், பார்க்க அழகுதான், ஆனால் அதன் குழி செங்குத்து, உள்ளே வழவழப்பு, தண்ணீரும் நாட்கணக்கில் நிற்கும். அம்மி அப்படியில்லை. குழவி ஓடி ஓடி நடுவில் தேய்ந்து, ஓரத்திலிருந்து தெரியாமல் சரியும் பள்ளம். மிளகாய் வழுக்காமல் அரைபடுவதற்காகத் தெருவில் கூவிக்கொண்டு வந்தவர் உளியால் கொத்தி உண்டாக்கிய புள்ளிகள் அதில் இன்னும் இருக்கும். ஃபெல்ஸ்பார் நெகிழ்ந்து மணி உதிர்ந்து பல ஆயிரம் வருஷத்தில் மலைமேல் நடந்த வேலையை, அதே கல்லில், இரண்டு மூன்று தலைமுறைப் பெண்களின் கைகள் செய்து முடித்திருக்கின்றன. பள்ளத்தில் ஒரு செம்புத் தண்ணீர்தான் பிடிக்கும். காலையில் ஊற்றினால் பத்து மணிக்குள் புள்ளிப்புறாவும் தவிட்டுக்குருவியும் தெளித்து முடித்துவிடும், மீதியை வெயில் எடுத்துக்கொள்ளும். கொசுவுக்கு அங்கே ஒரு பகல்கூடக் கிடைக்காது. சாயங்காலம் இன்னொரு செம்பு ஊற்ற வேண்டும், ஊற்றும்போது கொஞ்சம் வெளியே சிந்தினாலும் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் அந்த ஈர மண்ணுக்கு வந்து உட்காரும்.